சத்தியமூர்த்தியும் பட்டணத்துத் தண்ணீரும்

ஆண்டுதோறும் மார்ச்சு 28-ஆம் தேதி ஸ்ரீ சத்தியமூர்த்தியின் படத்திற்கு மாலையிடுவதைத் தமிழ்நாட்டுத் தேசபக்தர்கள் மறப்பதில்லை. அவருடைய நாவன்மையைப் புகழ்கிறோம். டில்லிச் சட்டசபையில் அவர் தொடுத்த கேள்விக் கணைகளை நினைவுகூர்கிறோம். காமராஜரை நாட்டுக்கு அளித்தவர் என்று நன்றி பாராட்டுகிறோம். இவையெல்லாம் தகும். எனினும், அவருடைய வாழ்க்கையில் ஓராண்டு மட்டும் நம் மேடைகளில் பெரும்பாலும் பேசப்படாமலே கழிந்துவிடுகிறது. சென்னை நகரத்தின் மேயராக அவர் அமர்ந்திருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் அவர் தொடங்கிவைத்த ஒரு காரியம் இன்றளவும் குழாய் வழியாகச் சென்னை வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

மதுரையில் இருந்துகொண்டு சென்னைத் தண்ணீரைப் பற்றி நாம் ஏன் எழுதவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். ஆரப்பாளையத்தில் வைகைக் கரையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு அதற்கு விடை கிடைக்கும். கொச்சடைப் பக்கமும், ஆற்றுக்கு அப்பால் விளாங்குடிப் பக்கமும், நேற்று வயலாகவும் தோப்பாகவும் இருந்த நிலம் இன்று மனைக் கற்களாகக் காட்சியளிக்கிறது. நிலம் எங்கே மலிவோ அங்கே வீடு எழுகிறது. வீடு எழுந்த பிறகு விளக்கு வேண்டும், குழாய் வேண்டும், சாக்கடை வேண்டும் என்று விண்ணப்பம் எழுகிறது. எங்கே ஊர் வளர்வது என்று தீர்மானிப்பவர் ஒருவர். அதன் செலவைச் சுமப்பவர் வேறொருவர். இந்த முறைகேட்டைத் தெளிவாக அறிய விரும்புவோர் சத்தியமூர்த்தியின் சரிதத்தைப் படிப்பது நல்லது என்று நாம் கருதுகிறோம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரிகள் வக்கீல் தொழில் செய்தவர். அவர் இளமையிலேயே காலமாகிவிடவே, குடும்ப பாரத்தில் பெரும்பங்கு சிறுவராயிருந்த சத்தியமூர்த்தியின் தலையில் விழுந்தது. திருமயம் வானம் பார்த்த சீமை. ஏரியும் ஊருணியும் நிரம்பினால் அந்த ஆண்டு வாழ்வு, இல்லையேல் வறுமை. அவர் கல்வி பயின்ற புதுக்கோட்டையோ, திவான் சேஷையா சாஸ்திரியார் குளங்களைத் தூர் வாரிப் புதுப்பித்து ஒழுங்குபடுத்திய ஊர். தண்ணீரின் அருமையை அறிவதற்கு இவ்விரண்டு ஊர்களையும்விடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறு வேண்டுவதில்லை.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும், பின்னர்ச் சட்டக் கல்லூரிக்கும் சென்று தேறி, ஸ்ரீ எஸ். சீனிவாச ஐயங்காரின் கீழ் வழக்கறிஞர் தொழிலில் அவர் பழகினார். தொழிலில் பொருள் சேர்ப்பதற்குரிய ஆற்றல் அவரிடம் நிரம்ப இருந்தது. ஆனால் மனம் தேசத்தின் பக்கம் சென்றுவிட்டது. 1919-ஆம் ஆண்டு காங்கிரஸ் தூதுகோஷ்டியில் ஒருவராக இங்கிலாந்து சென்று, அங்கே பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் இந்தியாவின் கட்சியை எடுத்துரைக்கும் பணியில் பங்கு கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

ஒத்துழையாமை இயக்கம் எழுந்த நாளில், சட்டசபைகளையும் நகரசபைகளையும் அறவே புறக்கணிப்பதா, உள்ளே புகுந்து போராடுவதா என்ற வாதம் காங்கிரஸை இரண்டாகப் பிளந்தது. சித்தரஞ்சன தாஸும் மோதிலால் நேருவும் வகுத்த சுயராஜ்யக் கட்சியின் வழியைச் சத்தியமூர்த்தி மேற்கொண்டார். கிடைத்த ஸ்தாபனம் எவ்வளவு குறுகியதாயினும் அதனைக் கைப்பற்றி ஜனங்களுக்காக உழைக்க வைக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. இதற்காக அவர் பட்ட ஏச்சு கொஞ்சமன்று. பதவி மோகம் என்றார்கள், சொற்சிலம்பம் என்றார்கள். 1923-ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபைக்குச் சென்றவர், 1928-இல் பாரதியாரின் பாடல்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தபோது அந்தச் சபையிலேயே அதைக் கண்டித்துப் போராடினார். உள்ளே ஒருவர் இருந்ததன் பயனை அன்று பலரும் உணர்ந்தார்கள்.

சபை மட்டுமே அவருடைய களம் என்று எண்ணுதல் தவறு. 1930-இல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் தேசியக் கொடியை ஏற்ற முயன்று சிறை புகுந்தார். பிறகும் சிறைவாசம் அவரை விட்டதில்லை. 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் ஸர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டில்லிச் சட்டசபைக்குச் சென்றார். அங்கே பூலாபாய் தேசாய் தலைவராகவும் சத்தியமூர்த்தி உபதலைவராகவும் இருந்து நடத்திய காங்கிரஸ் கட்சியைக் கண்டு சர்க்கார் அங்கத்தினர்கள் நடுங்கினார்கள். கேள்வி நேரத்தில் ஆதாரமும் புள்ளிவிவரமுமாக அவர் எழுந்து நிற்பார். கணக்கைக் கேட்பதும், கணக்கைக் காட்டச் செய்வதும் அவருக்குக் கைவந்த கலை. நாடகமும் சங்கீதமும் அவருடைய ஓய்வுப் பொழுதுகள். அவர் மேடையேறி நடித்தவர். பரதநாட்டியத்தின் மதிப்பை மீட்கப் பாடுபட்டவர்.

1937-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. வெற்றிக்காக ஊர் ஊராகத் திரிந்து தொண்டை வறளப் பேசியவர்களில் முதல்வரிசையில் நின்றவர் சத்தியமூர்த்தி. மந்திரிப் பதவி அவருக்கு வரவில்லை. அவருக்கு உரியதாகப் பலர் எண்ணியிருந்த தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். மனக்கசப்பு அவருக்கு இல்லாதிருந்திருக்க முடியாது. ஆயினும் கட்சியின் கட்டுப்பாட்டை அவர் மீறியதில்லை. அடுத்து அவரைத் தேடி வந்தது மேயர் பதவி.

1939-ஆம் ஆண்டை மதுரை எந்நாளும் மறவாது. அந்த ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி ஸ்ரீ வைத்தியநாத ஐயர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துக்கொண்டு மீனாக்ஷியம்மன் சந்நிதிக்குள் புகுந்தார். செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. இந்தியாவைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, அக்டோபர் முடிவில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்தன. அந்த ஆண்டின் கடைசியில்தான் சத்தியமூர்த்தி சென்னையின் மேயரானார். அவர் மேயரானபோது தம் கட்சியார் மந்திரிகளாக இல்லை. எதைக் கேட்பதாயினும் கவர்னரிடமே கேட்கவேண்டும். கேட்பதற்கோ ஒரு பெரிய காரியம் காத்திருந்தது, அதுதான் தண்ணீர்.

சென்னையின் அமைப்பைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். மதுரை ஆற்றங்கரையில் பிறந்த ஊர். தஞ்சையும் திருச்சியும் அப்படியே. சென்னையோ, கப்பல் வியாபாரத்திற்காக ஆங்கிலக் கம்பெனி கடற்கரை மணலில் ஊன்றிய பட்டணம். கூவமும் அடையாறும் மழைக்காலத்து ஆறுகள். அந்த இடத்தில் பெருநகரம் ஒன்று எழும் என்று கணக்கிட்டு எவரும் இடம் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தவர்கள் வியாபாரிகள். அவர்களுடைய தேர்வின் விலையைப் பின்னால் வந்த தலைமுறைகள் ஒவ்வொன்றும் கட்டிவருகின்றன.

அந்த விலை எப்படி ஏறியது என்பதற்குத் தண்ணீர் வந்த தூரமே சாட்சி. 1772-இல் கோட்டைக்கும் கருப்பர் பட்டணத்துக்கும் தண்ணீர் தர ஏழு கிணறு தோண்டப்பட்டது. அது ஊரின் மடியிலேயே இருந்தது. நூறு ஆண்டு கழித்து, 1872-இல், வடமேற்கே சில மைல் தொலைவிலுள்ள புழல் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் அதைச் சுத்தி செய்யும் நிலையம் ஏற்பட்டது. 1931-இல் நகரத்தின் ஜனத்தொகை ஏறத்தாழ ஆறரை லட்சம். 1941-இல் எட்டு லட்சத்தை நெருங்கிவிட்டது. புழல் போதவில்லை. கோடையில் குழாயடியில் சண்டை மூண்டது.

இதற்கிடையே ஊர் தன் கையிலிருந்த தண்ணீரையும் இழந்துகொண்டிருந்தது. நகரத்தின் மேற்கே நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை, 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்தபின் வற்றவைத்து, அந்தப் படுகையிலே தியாகராய நகரைக் கட்டினார்கள். அழகான தெருக்கள், பூங்கா, விசாலமான மனைகள் எல்லாம் அமைந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் வாசலில் இருந்த ஏரியின் மேல் வீட்டைக் கட்டிவிட்டு, அந்த வீட்டுக்கு வேண்டிய தண்ணீரை முப்பது மைலுக்கு அப்பால் தேடிச் செல்லும் நிலை பிற்காலத்தில் வந்தது. மனை விற்ற கணக்கில் இந்தச் செலவு எங்கும் எழுதப்படவில்லை.

மேயர் பதவி அக்காலத்தில் பெரும்பாலும் கௌரவப் பதவி. அங்கி, சங்கிலி, வரவேற்புரை, விருந்து. அதோடு ஓராண்டு முடிந்துவிடும். சத்தியமூர்த்தி அந்த ஓராண்டை ஒரே காரியத்தின்மீது குவித்தார். வடமேற்கே, திருவள்ளூருக்கு அப்பால் பூண்டியில் கொசஸ்தலையாற்றைத் தடுத்து ஒரு நீர்த்தேக்கம் கட்டுவது. மழைக்காலத்தில் வீணே எண்ணூர்க் கடலில் விழும் வெள்ளத்தை அங்கே பிடித்து வைத்துப் புழலுக்கு விடுவது. இதற்கு ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய் ஆகும். யுத்தம் நடக்கும்போது இரும்புக்கும் சிமெண்டுக்கும் எங்கே போவது என்று அதிகாரிகள் கைவிரிப்பது எளிது. கவர்னரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், அதே கவர்னரிடம் நகர ஜனங்களின் தாகத்திற்காக வாதாடி இணங்கச் செய்தார். தம் பதவிக் காலத்திலேயே, 1940-இல், பூண்டியில் அஸ்திவாரக் கல்லை நாட்டினார்.

எதிரியின் சர்க்காரோடு ஓர் அணைக்காக உட்கார்ந்து பேசுவது தேசபக்திக்குக் குறைவென்று அன்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம். சர்க்கார் மாறும், கொடி மாறும்; ஆனால் குழாயில் வராத தண்ணீர் எந்தக் கொடியின் கீழும் வராது என்பதை இத்தகையோர் மறந்துவிடுகிறார்கள். சுயராஜ்யத்தை ஆளத் தகுதியுள்ளவர்கள் நாம் என்பதற்குச் சொற்பொழிவு மட்டும் சான்றாகாது. நகரத்தின் பத்தாண்டுத் தேவையை இன்றே கணக்கிட்டு, அதற்குரிய பொருளைத் தேடி, வேலையைத் தொடங்கிக் காட்டுவதே சான்று. சத்தியமூர்த்தி அதைச் செய்தார். இராஜீயம் என்ற சொல்லுக்குள் அணையும் சாக்கடையும் அடங்கும் என்று தொண்டர்களுக்குச் செயலால் போதித்தார்.

அந்த அணை முடிவதை அவர் காணவில்லை. 1940-இல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவரானபோது, குருவாகிய சத்தியமூர்த்தி சீடரின் கீழ்க் காரியதரிசியாகப் பணிபுரிந்தார். 1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்திற்குச் சென்று திரும்புகையில் கைதானார். மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் முதுகெலும்பில் ஏற்பட்ட ஊறு அவரைப் படுக்கையில் தள்ளியது. 1943 மார்ச்சு 28-ஆம் தேதி சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. மறு ஆண்டு, 1944-இல், பூண்டி நீர்த்தேக்கம் நிறைவெய்தியது. பிற்காலத்தில் அதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயரிட்டார்கள். 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி காமராஜர் முதலில் சத்தியமூர்த்தியின் இல்லத்திற்குச் சென்று அங்கே தேசியக் கொடியை ஏற்றினார் என்பர்.

சரிதம் இங்கே முடியலாம். ஆனால் அவர் விட்டுச்சென்ற பாடம் அத்துடன் முடியவில்லை. தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவர மேயரால் முடிந்தது. நகரம் எந்தத் திக்கில் வளரவேண்டும் என்று விதிக்க அவர் கையில் அதிகாரம் இல்லை. பின்னால் அதிகாரம் பெற்றவர்களும் அதை விதிக்கவில்லை. 1946-இல் சைதாப்பேட்டை, அடையாறு முதலிய தென்புறப் பகுதிகள் நகரத்தோடு சேர்க்கப்பட்டன. 1951-இல் ஜனத்தொகை பதினான்கு லட்சமாயிற்று. ஏரிகளும் அணையும் நகரத்துக்கு வடமேற்கே இருக்க, ஊரோ வரவரத் தெற்கு நோக்கி ஓடியது. வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமும் பழைய மாமல்லபுரச் சாலையும் வீடுகளால் நிறைந்தன. பூண்டித் தண்ணீர் அங்கே போகவேண்டுமானால் நகரம் முழுவதையும் கடந்து போகவேண்டும்.

அதனால் தென்புறத்துக்கு வேறு தண்ணீர் தேடினார்கள். 2004-இல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாய் பதித்துக் கொண்டுவந்தார்கள். 2013-இல் நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தொடங்கினார்கள். மழை நீரை ஏரியில் பிடிப்பதற்கும், கடல் நீரை எந்திரத்தால் பிழிந்து உப்பைப் பிரிப்பதற்கும் உள்ள செலவு வேற்றுமையை விவரிக்க வேண்டியதில்லை. மின்சாரக் கட்டணமே சொல்லும். 2015 டிசம்பரில் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த வீடுகள் வெள்ளத்தில் மிதந்தன. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், ஏரிகள் வறண்டு, ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தடவைக்கு ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிவந்தார்கள். ஏழு கிணற்றில் தொடங்கிய வழி ரயில் தண்டவாளத்தில் வந்து நின்றது. அதே 2011-ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகராட்சியின் பரப்போ 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்திருந்தது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். முந்நூறு அடித் தெரு ஒன்றில் இருபது வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டின் பங்குக்கும் பதினைந்தடிக் குழாய், பதினைந்தடிச் சாக்கடை, பதினைந்தடிச் சாலை. அதே தெருவில் ஐந்து வீடுகள் மட்டும் இருந்து மற்றவை வெற்று மனைகளாகக் கிடந்தால், பங்கு அறுபது அடியாகிறது. விளக்குக் கம்பங்களின் எண்ணிக்கை குறைவதில்லை. குப்பை வண்டி நடக்கும் தூரமும் குறைவதில்லை. அந்தத் தெரு ஊரை ஒட்டியிராமல் மூன்று மைலுக்கு அப்பால் இருந்தால், நடுவிலுள்ள மூன்று மைலுக்கும் பெருங்குழாய் பதிக்கவேண்டும். குழாய் நீள நீள அதில் கசிவும் கூடும். நிலம் மேடாயின் தண்ணீரை ஏற்ற எந்திரம் வேண்டும். பள்ளமாயின் கழிவுநீரை இறைக்க எந்திரம் வேண்டும். சமதரையான சென்னையில் கழிவுநீர் தானாக ஓடிச் சேர்வதில்லை. அங்கங்கே கிணறுகளில் தேக்கி, எந்திரங்களால் ஏற்றி ஏற்றித்தான் அனுப்பவேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் வரி ஒன்றே. நெருங்கிய தெருவில் குடியிருப்பவன் கட்டும் வரி, எட்டத்து வெற்று மனையின் குழாய்க்கும் போய்ச் சேருகிறது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். மதுரை ஒரு காலத்தில் எப்படி வளர்ந்தது? நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர்களுக்குள் ஊர் நெருக்கமுற்றபோது, 1830-களிலும் அதன் பின்னும் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் அந்தச் சுவர்களை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தார். மண் சுமந்தவர்கள் நம் ஜனங்கள். அவர்களை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரும், அளந்து கொடுத்த மாரட்டின் பெயரும் இன்றும் தெருக்களில் நிலைத்திருக்கின்றன. அந்நிய ஆட்சியின் குற்றங்கள் எத்தனையோ உண்டு, நாம் மறக்கவில்லை. ஆயினும் அந்த வளர்ச்சி மாசி வீதியை ஒட்டியே அடுத்த வளையமாக எழுந்தது. ஓர் அடி நிலமும் இடையில் வெற்றாகக் கிடக்கவில்லை. பழைய சாலையும் பழைய வடிகாலும் இன்னும் சிறிது நீண்டால் போதுமானதாயிற்று.

பின்னர் 1875-இல் ரயில் வந்தது. 1889-இல் ஹார்வி துரைமார்களின் மதுரா மில் தொடங்கியது. தொழிலாளர்கள் மில்லுக்கு நடந்து செல்லும் தூரத்தில் ஆரப்பாளையத்திலும் கரிமேட்டிலும் குடியேறினார்கள். அவர்களுடைய வீடுகள் சிறியவை, தெருக்கள் குறுகியவை, வாழ்க்கை வசதிகள் போதாதவை. ஆனால் இடம் சரியான இடம். வேலை அருகில், ரயில் அருகில், ஆறு அருகில். 1890-களில் மதுரை நகரசபை வைகை மணற்படுகையில் குடிநீர் எடுத்ததும் இந்த ஆரப்பாளையத்துப் பக்கந்தான். தண்ணீர் பிறக்கும் இடத்தருகே உழைப்பாளி குடியிருந்தான்.

இன்றோ நிலை வேறு. 2011-இல் மதுரை மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆயிற்று. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் என்ற மூன்று நகராட்சிகளும், மூன்று பேரூராட்சிகளும், பதினொரு ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டன. பரப்பு மும்மடங்கை நெருங்கியது. ஜனத்தொகையோ அந்த ஆண்டுக் கணக்கின்படி பத்து லட்சத்திலிருந்து பதினான்கு லட்சத்துக்குச் சிறிது மேலேதான் சென்றது. ஆயிரம் பேருக்கு முன்பு எவ்வளவு நிலத்தில் குழாயும் சாலையும் வேண்டியிருந்ததோ, அதைப்போல் இரு மடங்கு நிலத்தில் இப்போது வேண்டும். வைகை மணல் தந்த நீர் எந்நாளோ போதாமற்போய், 1959-இல் கட்டிய வைகை அணையை நம்பினோம். அதுவும் போதாமல் முல்லைப் பெரியாற்று நீரைத் தேனி மாவட்டத்து மேற்கெல்லையிலுள்ள லோயர்கேம்பிலிருந்து குழாயில் கொணரும் திட்டத்தை ஏறத்தாழ 1,300 கோடி ரூபாயில் வகுத்தார்கள். ஆரப்பாளையத்திலிருந்து மலையடிவாரம் வரை தண்ணீரின் தூரம் நீண்டுவிட்டது. சென்னை நடந்த வழியிலேயே நாமும் நடக்கிறோம்.

வழியில் இருந்த கண்மாய்களையும் நாம் காக்கவில்லை. 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாயின் மிகுநீரைப் பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், ஆற்றின் வடகரைத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மனைக்காக நெருக்கிய ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பின்னால் ஒரு நாள் பொதுப் பணத்தில் தண்டம் கட்டவேண்டியிருக்கிறது.

புறநகரில் குடியேறியவர்களை நாம் குறை கூறவில்லை. கூலிக்காரனும் குமாஸ்தாவும் மாசி வீதியில் மனை வாங்க இயலுமா? மலிவான இடம் தேடி அவர்கள் போகிறார்கள். பல ஊர்களிலோ ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்க, எல்லைக்கோடுதான் அவர்களைத் தேடி வந்தது. அவர்களுக்குக் குழாயும் சாக்கடையும் மறுப்பது அநீதி. நாம் குறை கூறுவது, வயலை வாங்கி மனையாக்கி இலாபத்தை எடுத்துக்கொண்டு, குழாயின் செலவை ஊரார் தலையில் வைத்துச் செல்லும் வியாபாரத்தையும், அதைக் கண்டும் காணாதிருக்கும் ஆட்சியையும்தான்.

நாம் கேட்பது மூன்று. ஊரை ஒட்டிய வெற்றிடங்களும் நகரத்துக்குள் பாழாய்க் கிடக்கும் நிலங்களும் முதலில் வீடுகளால் நிறையட்டும். ஏழைகள் அங்கே வாழ வழி செய்யவேண்டும். புதிய மனைப் பிரிவுக்கு அநுமதி தருமுன், தண்ணீர் எங்கிருந்து எத்தனை தூரம் வரும், கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும், அதன் செலவு யாருடையது என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும்; அந்தச் செலவில் உரிய பங்கை மனை விற்பவரிடமே வாங்கவேண்டும். கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் உரிய நிலத்தில் ஒரு கல்லும் நடக்கூடாது. இவற்றை நகரசபையில் எழுந்து கேட்பதற்குத் தொண்டர்கள் வேண்டும். டில்லிச் சபையில் சத்தியமூர்த்தி கணக்குக் கேட்ட முறையிலே, வார்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்பவர்கள் வேண்டும்.

ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்பில் ஆவணி மூலத்தன்று ஆண்டுதோறும் கூடுகிறோம். வைகை பெருகி வந்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அளந்து கொடுத்தான் என்பதும், வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமல் நின்றதும், அதற்காக விழுந்த பிரம்படி ஊரார் எல்லோர் முதுகிலும் பட்டதும் குழந்தைகளும் அறிந்த கதை. கரை ஒரு முழம் குறைந்தாலும் வெள்ளம் ஊர் முழுவதற்கும் வருகிறது. நகரத்தின் செலவும் அப்படியே. எங்கோ எல்லைக்கப்பால் ஒருவர் நட்ட மனைக்கல்லின் விலையை நாம் அனைவரும் கட்டுகிறோம்.

பூண்டிக் கரையில் கல்லை நாட்டியபோது சத்தியமூர்த்தி தம் பங்குக் கரையை அடைத்துவிட்டார். அவருக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகிற நாம் நம் பங்கை அடைத்தோமா என்பதை இவ்வாண்டாவது எண்ணிப் பார்ப்போமாக.